பதில் சொல்லாதவர்களின் வீதம்

பலெர்மோ
12.01.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

கை வெடிப்பு ஆறியதா? கோப்பை கழுவும்போது கையுறை போடுங்கள் என்று போன கடிதத்திலும் எழுதினேன். போடமாட்டீர்கள் என்று தெரிந்துகொண்டே மறுபடியும் எழுதுகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் பார்த்துக்கொள்ளும் சிஞ்ஞோராவின் முழங்கால்கள்தான் குளிருக்கு மடங்க மறுக்கின்றன. வாய்க்கு ஒன்றும் இல்லை.

நத்தாருக்கு நீங்கள் எழுதிய கடிதம் புதுவருடத்துக்குப் பிறகுதான் கிடைத்தது. உங்களோடு அறையில் இருக்கும் வலன்ரைனை எனக்குப் பேசியிருப்பதாகவும், உயிர்த்த ஞாயிறுக்குள் நான் பதில் சொல்லவேண்டும் என்றும், கலியாணம் முடிந்தால் பரிசுக்கு வந்துவிடலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். படத்தையும் பார்த்தேன். யோசிக்கிறேன். அவசரப்படுத்த வேண்டாம்.

இனி ஓர் உதவி. சிஞ்ஞோரா தூனிசில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பிரான்சில் ஏப்ரலில் ஜனாதிபதித் தேர்தல் என்றதும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. மூன்றாம் மாடியில் இருக்கும் மருந்துக்கடைக்காரரின் விதவையோடு பந்தயம் கட்டியிருக்கிறார். எங்கள் வீட்டு ஆள் பிரதமர். மூன்றாம் மாடியின் ஆள் பரிஸ் மேயர். தோற்றவர் ஒரு மாதம் மற்றவர் வீட்டுக்குப் போய்ப் பின்னேரக் கோப்பி குடிக்கவேண்டும். லிப்ட் நத்தாரிலிருந்து பழுது என்பதால் இது சின்னப் பந்தயம் இல்லை.

சிஞ்ஞோராவின் கண்ணில் வெண்படலம் வளர்ந்திருப்பதால் பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இங்குள்ள பேப்பர்களில் பிரான்சுக் கணிப்பு நாலு வரிதான் வரும். அங்கே தினமும் வரும் கருத்துக்கணிப்புகளை வெட்டி அனுப்புவீர்களா? பத்து நாள் பிந்தி வந்தாலும் பரவாயில்லை. "ஆறின இலக்கம்தான் உண்மை சொல்லும்" என்கிறார் சிஞ்ஞோரா.

குளிருக்குத் தலையை மூடிக்கொள்ளச் சொல்லும்,
தங்கை அகஸ்ரீனா

*

பரிஸ்
24.01.1995

அன்புத் தங்கச்சிக்கு,

கையுறை போட்டால் கோப்பை வழுக்கும், வழுக்கினால் முதலாளி கத்துவான். ஆகவே வெடிப்பு இருக்கிறது, நானும் இருக்கிறேன், இரண்டு பேரும் சுகம். உன் சிஞ்ஞோராவின் முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசு. என்ன எண்ணெய் என்று சொல்லாதே, பூசவிடமாட்டா.

இதற்குள் பதினாறு துண்டு வைத்திருக்கிறேன். வலன்ரைன் வேலை செய்கிற கபேயில் ஆட்கள் வாசித்துக் கசக்கிய பேப்பர்களை முதலாளி எறியச் சொல்லுவான், இவன் அறைக்குக் கொண்டுவருவான். எங்கள் சமையலறையில் பன்னிரண்டு பேர் வேலை. பத்துப் பேருக்கு இந்த நாட்டில் வாக்கில்லை. தேர்தலைப் பற்றிக் கத்துவது அந்தப் பத்துப் பேரும்தான். பிரதமர் வென்றுவிட்டார், வாக்குப் போடுவதுதான் மிச்சம் என்கிறார்கள். உன் சிஞ்ஞோராவுக்குச் சொல்லு, படியேறத் தேவையில்லை.

நானும் ஒரு கணிப்புத் தொடங்கியிருக்கிறேன். கேள்வி: அகஸ்ரீனா வலன்ரைனைக் கட்டிப் பரிசுக்கு வரலாமா? இதுவரை ஒன்பது பேர். ஏழு பேர் ஓம். ஒருவர் இல்லை. ஒருவர் பிறகு சொல்வாராம். உன் பிரதமரும் இந்த அளவுக்கு நிற்கவில்லை!

பகிடி விட்டுச் சொல்கிறேன். ஆள் நல்லவன். முப்பத்தொரு வயது, ஐந்தடி எட்டங்குலம், பத்து வருட விசாக் காட் கையில், குடி இல்லை, பல் ஒழுங்கு. தாய் பேசாலையில், எங்கள் அம்மாவுக்குத் தெரிந்தவ. இதற்கு மேல் என்ன வேண்டும்?

பதிலுக்குப் பார்த்திருக்கும்,
அண்ணன் ஜோக்கிம்

*

பலெர்மோ
06.02.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்லெண்ணெய் வேலை செய்கிறது. மணம் பிடிக்கவில்லையாம், ஆனால் தினமும் காலை நீட்டுகிறார். உங்கள் இருமலைப் பற்றி எழுதவில்லை. போய்விட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

துண்டுகள் வந்த அன்று வீடு திருவிழா. சாப்பாட்டு மேசையில் திகதி வாரியாக அடுக்கினோம். பிரெஞ்சை நான் எழுத்துக் கூட்டுவேன், சிஞ்ஞோரா காதைப் பொத்திக்கொண்டு திருத்துவார். பிறகு இலக்கங்களை வாங்கிச் சதுரக் கோட்டுக் கொப்பியில் புள்ளி வைக்கிறேன். பிரதமரின் கோடு மேலே நேராகப் போகிறது. மேயரின் கோடு கீழே.

பூட்டிக் கிடக்கும் பெரிய தியேட்டருக்கு முன்னால், வியா மக்வேதா முடிகிற இடத்தில், வெளிநாட்டுப் பேப்பர் விற்கும் கடை ஒன்று உண்டு. அதைக் கூட்டித் துடைக்கும் பவுல் இப்போது விற்காமல் மிஞ்சிய பிரெஞ்சுப் பேப்பரைக் காலையில் கொண்டுவந்து தருகிறார். சிஞ்ஞோரா கதவுக்கே போய்விடுகிறார். "எத்தனை?" என்பதுதான் முதல் கேள்வி. பவுல் ஒரு கணிப்பையும் வாசிப்பதில்லை, ஆனாலும் ஏதாவது ஓர் இலக்கத்தைச் சொல்லி அவரைப் பதற வைப்பார்.

ஒன்று கேட்கவேண்டும். துண்டுகளின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் குறிப்புகள் இருக்கின்றன. உங்கள் எழுத்து இல்லை. ஒன்றில், "ஆயிரம் பேரைக் கேட்டிருக்கிறார்கள். முந்நூறு பேர் பதில் சொல்லவில்லை. அவர்களைக் கழித்துவிட்டுத்தான் நூறு வீதம் போடுகிறார்கள்" என்று இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உண்மைதான், கடைசி வரியில் எறும்பளவு எழுத்தில் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில், "மழை நாளில் எடுத்த கணிப்பு. ஆட்கள் கோபமாகப் பதில் சொல்லியிருப்பார்கள்." சிரித்துவிட்டேன். யார் எழுதியது?

மற்ற விடயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சுகத்தைச் செபத்தில் நினைக்கும்,
அகஸ்ரீனா

*

பரிஸ்
18.02.1995

அன்புத் தங்கச்சிக்கு,

இருமல் போய்விட்டது, தடிமன் வந்திருக்கிறது. நீ சுகமாக இருப்பது உன் கடிதத்தின் நீளத்தில் தெரிகிறது.

அந்தப் பென்சில் வலன்ரைன்ரை வேலை. மன்னித்துக்கொள். அவனுக்கு எதைக் கண்டாலும் கிறுக்கவேண்டும், தண்ணீர் பில்லிலும் ஓரத்தில் எழுதி வைத்திருப்பான். ஒருநாள் "உனக்கேன்ரா இந்த வேலை?" என்று கேட்டேன். "வாசிக்கிறது ஒண்டும் திருப்பிக் கதைக்குதில்லை மச்சான், நான்தான் கதைக்கவேண்டிக் கிடக்கு" என்றான். இதில் உள்ளதை றப்பரால் அழித்துத்தான் அனுப்புகிறேன். உன் சிஞ்ஞோராவுக்குத் துப்புரவாக இருக்கட்டும்.

சோசலிசக் கட்சி ஓர் ஆளை நிறுத்திவிட்டது. முன்பு படிப்பித்தவர் என்பதால் எங்கள் சமையலறையில் அவர் பெயர் வாத்தியார். பிரதமர், மேயர், வாத்தியார். மூன்று பேரையும் சுவரில் கரியால் எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறோம்.

எங்கள் கணிப்பு முடிந்தது. பதினாலு பேர். பதினொரு பேர் ஓம். இரண்டு பேர் பிறகு. 'இல்லை' என்ற ஒரே ஆள் அங்கே பலெர்மோவில் இருக்கும் மொனிகா மாமி. காரணம் பரிசில் குளிராம். உனக்கு லீவான வியாழனில் நீ இல்லாவிட்டால் கடைக்குப் போக ஆளில்லை என்பதைச் சொல்ல வெட்கம். எழுபத்தெட்டு வீதத்துக்கு மேல் தங்கச்சி! எந்த நாட்டிலும் இதற்குப் பிறகு இரண்டாம் சுற்று வைக்கமாட்டார்கள்.

உன் 'யோசிக்கிறேன்' இரண்டு கடிதமாக வருகிறது.

அன்போடு அலுத்துக்கொள்ளும்,
ஜோக்கிம்

*

பலெர்மோ
05.03.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

தடிமனுக்கு மல்லி அவித்துக் குடியுங்கள். இங்கே பாதாம் மரங்கள் பூத்து முடிந்துவிட்டன. சிஞ்ஞோரா முதல் முறையாகக் கோட்டுப் போடாமல் பல்கனியில் இருந்தார்.

தயவுசெய்து இனி எதையும் அழிக்க வேண்டாம். அழித்த இடத்தில் கடதாசி மெலிந்து இலக்கமும் போய்விடுகிறது.

இங்கே பெரிய கலவரம். மேயரின் கோடு பிரதமரின் கோட்டை வெட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. செய்தியை முதலில் கொண்டுவந்தவர் பவுல். "சிஞ்ஞோரா, உங்கடை ஆள் விழுந்திட்டார்" என்று பவுல் படியிலிருந்தே கத்த, மூன்றாம் மாடியில் கதவு திறந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிஞ்ஞோரா என்னிடம், "அகோஸ்த்தினா, புள்ளியை நீதான் பிழையான இடத்தில் வைத்திருக்கிறாய்" என்றார். மறுநாள் பவுல் சமாதானத்துக்கு அரஞ்சினி என்ற பொரித்த சோற்று உருண்டை இரண்டு கொண்டுவந்தார். மே மாதம் தொடக்கம் பவுல் மொண்டெல்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வேலைக்குப் போய்விடுவார், அதன்பிறகு யார் பேப்பர் தருவது என்று சிஞ்ஞோரா இப்போதே கவலைப்படுகிறார். எனக்கும் பவுல் இல்லாத காலை அமைதியாகத்தான் இருக்கும்.

உங்கள் பதினாலு பேரைப் பற்றி. கணிப்பை வாசித்து வாசித்து எனக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது, யார் யாரை எப்படிக் கேட்டார்கள் என்று பார்ப்பது. அம்மாவின் கடிதம் வந்தது. லண்டன் சித்தி நல்ல இடம் என்று சொன்னதால்தான் ஓம் என்றாராம். வியாழன் பின்னேரம் வியா மக்வேதாவில் உள்ள ரெலிபோன் கடைக்குப் போய்ச் சித்திக்கு எடுத்தேன்.

"சித்தி, நீங்கள் ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"கொம்மா ஓம் எண்டவ, அதுதான் பிள்ளை."

"அம்மா நீங்கள் ஓம் எண்டதாலைதான் ஓம் எண்டு எழுதியிருக்கிறா."

"அப்பிடியே? அப்ப ஆர் முதல் சொன்னது?" பெயர்களை முணுமுணுத்து எண்ணினார். "கொண்ணனாத்தான் இருக்கும். அவன் ரெலிபோனிலை கேட்டவிதம் அப்பிடி. 'உங்களுக்கும் ஓம்தானே சித்தி' எண்டுதான் கேட்டவன்."

கோபப்பட வேண்டாம். பதினொரு பேரையும் ஒருவர் பின் ஒருவராகத் தொடர்ந்துபோனால் எல்லாரும் உங்களிடம்தான் வந்து நிற்பார்கள் போல இருக்கிறது. அது பதினொரு வாக்கா, ஒரு வாக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களை ஒருநாளும் குறைவாக எண்ணாத,
அகஸ்ரீனா

*

பரிஸ்
20.03.1995

தங்கச்சிக்கு,

சுகம். மல்லி குடித்தேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். சித்தியை நீ அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. இப்போது அவ எனக்கு எடுத்து, "என்னைக் கொண்டு பொய் சொல்லவைச்சியோ?" என்கிறா. பதினொன்று பத்தாகிவிட்டது. இனி நான் ஒருவரையும் கேட்கவில்லை.

நீ கணக்குப் பார்த்தாய், நானும் பார்த்தேன். உன் கடிதங்களை எடுத்து மேசையில் பரப்பினேன். வலன்ரைன் என்ற பெயர் ஜனவரியில் ஒருதரம். அதன்பிறகு இல்லை. பவுல் என்ற பெயர் பெப்ரவரியில் இரண்டு தரம். மார்ச்சில் ஐந்து தரம். அரஞ்சினி வேறு. யார் இந்தப் பவுல்? எந்த ஊர்? எங்கள் பிரதமருக்கு நடந்தது எனக்கு விளங்காமல் இல்லை. எல்லாரும் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துக் கோடு சத்தமில்லாமல் மேலே வருகிறது.

வலன்ரைனிடம் நான் இதைச் சொல்லவில்லை. பாவம், அவன் நல்ல சந்தோசமாக இருக்கிறான். வேலையால் வந்து பாட்டு முணுமுணுக்கிறான். கிழமைக்கு இரண்டு கடிதம் எழுதுகிறான், பேசாலையில் இருக்கிற தாய்க்காம். இப்போது நாட்டில் சமாதானம் என்பதால் தபால் ஒழுங்காகப் போகுதாம். தாயில் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறவனை வேண்டாம் என்றால் நான் என்ன சொல்ல?

பவுலைப் பற்றி ஒளிக்காமல் எழுது.

ஜோக்கிம்

*

பலெர்மோ
02.04.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். சிஞ்ஞோராவும் சுகம். நீங்கள் சுகம் என்று ஒரு சொல்லில் எழுதியதால் நம்பவில்லை.

பவுல் பேசாலைக்குப் பக்கத்து ஊர். நல்ல மனிதர். காலையில் பேப்பர் கொண்டுவருவார்.

நாளைக்கு எங்கள் பங்கு ஆட்களோடு, இந்த ஊரின் பாதுகாவலி சந்தா ரொசாலியாவின் மலைக்கு நடந்து போகிறோம், மொனிகா மாமியும் வருகிறார். உங்கள் கைக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்.

அகஸ்ரீனா

*

பலெர்மோ
18.04.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்து. நீங்கள் சுகமாக இருக்கவேண்டும், ஏனென்றால் சுகமில்லாத ஆளோடு சண்டை பிடிக்க எனக்கு மனம் வராது.

பவுலைப் பற்றி விசாரித்து மொனிகா மாமிக்கு எழுதினீர்கள். பவுலுக்கும் எங்கள் பங்கிலேயே இருக்கும் றோஸ்மேரிக்கும் கலியாணம் நிச்சயமாகி, கோயிலில் அறிவித்தல் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். மாமிக்கு அது தெரியும். ஆனால் உங்கள் கடிதம் வந்ததும் அவருக்குக் குழப்பம். ஞாயிறு தமிழ்ப் பூசையில் பாதர் இரண்டாம் அறிவித்தலை வாசித்து, "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவேண்டும்" என்று முடித்தார். பூசை முடிந்ததும் மாமி கைப்பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பாதரிடம் போய்விட்டார்.

பாதர் கடிதத்தோடு வாசலுக்கு வந்தார். "இது தடையோ, விசாரிப்போ?"

"எனக்கென்ன தெரியும் பாதர்? அறிஞ்சதைச் சொல்லச் சொன்னியள், சொன்னன்."

அதற்குள் றோஸ்மேரிக்குச் செய்தி போய்விட்டது. வெள்ளைச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எடியே அகஸ்ரீனா, நில்லடி! உன்ரை கொண்ணனுக்குப் பரிசிலை ஒரு மாப்பிள்ளையும் கிடைக்கேல்லையாமோ? என்ரை மனுசனை விசாரிச்சு எழுதியிருக்கிறாராம்!"

"இன்னும் மனுசன் இல்லை, இன்னும் ஒரு அறிவித்தல் கிடக்கு" என்று பவுல் இடையில் விழுந்தார்.

"நீர் வாயைப் பொத்தும். பேப்பர் குடுக்கிற இடத்திலை உமக்கென்ன கதை?"

"சிஞ்ஞோராவோடைதானப்பா கதை. எழுபத்தெட்டு வயசு. அவவிலையும் உமக்குச் சந்தேகமோ?"

எல்லாரும் சிரித்தார்கள். றோஸ்மேரியும் கடைசியில் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது. அண்ணா, என்னைப் பற்றி நாலு பேர் ஒரே நேரத்தில் கதைப்பது எனக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும்.

ஆகவே நானே சொல்கிறேன். நான் எழுதிய பெயர்களை எண்ணினீர்கள். மனதில் உள்ள பெயரை நான் எழுதுவேன் என்று எப்படி நினைத்தீர்கள்? கபேயின் பேப்பரை ஆட்கள் கொண்டுபோகாமல் இருக்க அதில் விலாசத்தோடு முத்திரை குத்துவார்களாம். அப்படி ஒன்று உங்கள் துண்டில் வந்தது. மார்ச் முதலாம் திகதி அந்த விலாசத்துக்கு வலன்ரைனுக்கு எழுதினேன். ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: பதில் சொல்லாத முந்நூறு பேரும் யார் என்று நினைக்கிறீர்கள்? நாலு பக்கம் பதில் வந்தது. இதுவரை அவர் ஏழு கடிதம், நான் ஆறு. அவருடைய அம்மாவுக்கு மாதம் ஒன்றுதான் போகிறதாம்.

அவர் என்னைப் பரிசுக்கு வரச்சொல்லி ஒருமுறையும் எழுதவில்லை. என்ன வாசிக்கிறேன் என்று கேட்டார். எந்த வேலை செய்யும்போது நேரம் போவது தெரியாது என்று கேட்டார். உங்களுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டது நான்தான், அவரில் பிழை இல்லை. ஒரு விடயம் எனக்குள் முடிவாகும்வரை அதை வெளியில் வைக்க எனக்குத் தெரியாது.

இது ஓம் இல்லை. இல்லை என்பதும் இல்லை.

கோபத்திலும் உங்கள்,
அகஸ்ரீனா

*

பலெர்மோ
30.04.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாட்டில் மறுபடியும் சண்டை தொடங்கியதிலிருந்து இங்கே ஒருவரும் சத்தமாகக் கதைப்பதில்லை. சித்திக்கு எடுத்தேன். அம்மா சுகமாம், மன்னார்ப் பக்கம் இதுவரை ஒன்றும் இல்லையாம். நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

நீங்கள் கடைசிக் கடிதம் எழுதி நாற்பது நாள். வலன்ரைன் எழுதுகிறார்: நீங்கள் அவரோடு கதைப்பதில்லையாம். உப்பு எங்கே என்று கேட்டால் கையால் காட்டுகிறீர்களாம். படுக்கும்போது சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறீர்களாம். அறை அவ்வளவு சின்னது, கோபிக்கவும் இடமில்லை என்று எழுதியிருக்கிறார். அவருக்கும் அது கஷ்டமாக இருக்கிறது.

  

முதல் சுற்றில் வாத்தியார் முதலாவதாக வந்ததைச் சிஞ்ஞோரா இன்னும் நம்பவில்லை. ஒரு கணிப்பும் அப்படிச் சொல்லவில்லையே! கடைசிக் கிழமை அங்கே கணிப்பு வெளியிடச் சட்டம் விடாதாம். அந்த ஒரு கிழமை பார்க்காமல் இருந்ததால்தான் எல்லாம் மாறியது என்பது அவர் முடிவு. பிரதமர் மூன்றாவது, இரண்டாம் சுற்றிலேயே இல்லை. நேற்றுப் பின்னேரம் மூன்றாம் மாடிக்கு முதல் நாள் படியேறினோம். பதினேழு நிமிடம். நடுவில் ஓரிடத்தில் படியில் இருந்து, "இவ்வளவு பேர் சொன்னார்களே" என்றார். மேலே போனதும் மற்றவ கதவைத் திறந்து மெத்தை வைத்த கதிரையைக் காட்டினார்.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

அகஸ்ரீனா

*

பரிஸ்
08.05.1995

அன்புத் தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். உன்ரை சுகத்தை வலன்ரைனிடம் கேட்டு அறிந்துகொள்கிறேன், அதுதான் இப்போதைய ஒழுங்கு போல.

நேற்று மேயர் வென்றுவிட்டார். தெருவெல்லாம் கார் ஹோர்ன். ஞாயிறு என்பதால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை, யன்னலடியில் நின்றோம். இரண்டு கிழமையாகக் கதைக்காத ஆட்கள். அவன்தான் தொடங்கினான்.

"மச்சான், அடிக்கிறதெண்டால் அடி. இப்பிடி உப்பைக் காட்டாதை."

"ரெண்டு மாசம் ஒரே சட்டியிலை திண்டனியே, ஒரு சொல் சொன்னியோ?"

"நீயும்தான் பதினாலு பேரைக் கேட்டனி. எதிர்க்கட்டிலிலை கிடந்த என்னைக் கேட்டியோ?"

அகஸ், உண்மையில் நான் கேட்கவே இல்லை. அவனுக்கு விருப்பம் என்று நானே நினைத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பதினாலு பேர் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இதை உனக்குச் சொல்லாமல் விடலாம், ஆனால் நீ கண்டுபிடித்துவிடுவாய். பட்டியலில் முதலாவது பெயர் உன்னுடையது. ஓம் என்ற பக்கத்தில் நான்தான் எழுதினேன். மற்ற எல்லாரிடமும், "தங்கச்சிக்குப் பிரச்சினை இல்லை" என்று சொல்லித்தான் தொடங்கினேன்.

ஏன் என்று யோசித்தேன். மாப்பிள்ளை நல்லவன், காட் இருக்கிறது, அதெல்லாம் நான் எழுதிய காரணம். எழுதாத காரணம் ஒன்றுதான். ஆறு வருடமாக இந்த ஊரில் எங்கள் வீட்டு ஆள் ஒருவரும் இல்லை. வேலை முடிந்து ரெயினால் இறங்கி வரும்போது எங்களைப்போல நடக்கிற ஆள் ஒருவரைக் கண்டால் பின்னால் கொஞ்சத் தூரம் போய்ப் பார்ப்பேன். நீ வந்தால் ஞாயிறில் போக ஓர் இடம் இருக்கும் என்று நினைத்தேன். அதற்கு உன் கலியாணத்தைப் பிடித்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வலன்ரைன் தேத்தண்ணி போடுகிறான், என் முகத்தைப் பார்க்கவில்லை, நல்லவன்.

நத்தாரில் கேட்டிருக்கவேண்டியதை மே மாதத்தில் கேட்கிறேன். உனக்கு விருப்பமா? இல்லை என்றால் அம்மாவுக்கும் சித்திக்கும் நான் பதில் சொல்லுவேன். ஒருவரும் உன்னைக் கேட்கமாட்டார்கள். நானும் எழுதுவதை விடமாட்டேன்.

உன் பதில் எதுவானாலும்,
அண்ணன் ஜோக்கிம்

*

பலெர்மோ
19.05.1995

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். இந்த முறை அது உண்மையாகவே நீங்கள் அறியவேண்டிய செய்தி.

உங்கள் கடிதம் வியாழன் வந்தது. வியாழன் பின்னேரம் எனக்கு லீவு என்பதால் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் மொண்டெல்லோவுக்குப் போனேன். கடற்கரையில் குளிக்க வருபவர்கள் உடுப்பு மாற்றும் மர அறைகளுக்கு இப்போதுதான் வெள்ளை அடிக்கிறார்கள், ஆட்கள் வரத் தொடங்கவில்லை. மணலில் இருந்து நாலு தரம் வாசித்தேன். தெருவில் ஆட்களுக்குப் பின்னால் போவதை எழுதிய இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தேன். நானும் இங்கே வந்த முதல் வருடம் அப்படிப் போயிருக்கிறேன். உங்களுக்கு எழுதவில்லை. இரண்டு பேரும் எழுதவில்லை, பாருங்கள்.

பட்டியலில் முதலாவது பெயரை வெட்டிவிடுங்கள். அது நான் சொன்னது இல்லை. இப்போது கேட்டிருக்கிறீர்கள், இப்போது சொல்கிறேன்.

ஓம்.

அவருக்கு நான் இதை இன்னும் எழுதவில்லை. உங்களுக்குத்தான் முதலில். நீங்களே அவரிடம் சொல்லலாம், ஆனால் அவர் சுடுதண்ணீர் எதையும் கையில் வைத்திருக்காத நேரம் பார்த்துச் சொல்லுங்கள்.

செப்டெம்பரில் இங்கே எங்கள் கோயிலில் வைப்போம். விசாப் பேப்பர் அலுவல் முடிந்து நான் அங்கே வர ஒரு வருடமாவது பிடிக்கும் என்று அவர் விசாரித்து எழுதியிருக்கிறார். எனக்கு அது சரி. சிஞ்ஞோராவின் கண் சத்திரசிகிச்சை மார்கழியில், அதற்கு நான் பக்கத்தில் நிற்கவேண்டும். சிஞ்ஞோராவிடம் நேற்றுச் சொன்னேன். எண்ணெய் பூசச் சொல்லிக் காலை நீட்டினார். பிறகு, "உயரமான ஆளா?" என்று கேட்டார். பிறகு, "பரிசில் நல்ல கண்ணாடிக் கடைகள் உண்டு, வந்து பார்க்கலாம்" என்றார்.

உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது, இதற்கு நீங்கள் யோசித்துப் பதில் சொல்லலாம். நான் வரும்போது அந்த அறை மூன்று பேருக்குக் காணாது. உங்களை வெளியே அனுப்பிவிட்டுக் குடியிருக்க எனக்கு விருப்பமில்லை, உங்கள் இருமலைப் பக்கத்துக் கட்டிலில் கேட்டுக்கொண்டிருக்கவும் விருப்பமில்லை. அதே தெருவில் இன்னோர் அறை பார்க்கும்படி அவருக்கு எழுதப்போகிறேன். தெருவின் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லுங்கள். ஞாயிறு மட்டும் இல்லை, எந்த நாளும் சாப்பிட வரலாம். கோப்பை நீங்கள் கழுவத் தேவையில்லை.

மொனிகா மாமிக்கு நீங்கள் ஒன்றும் எழுதவேண்டாம். வருகிற ஞாயிறு நானே சொல்கிறேன், பூசை முடிந்து எல்லாரும் போனபிறகு.

உங்கள் பதிலை எண்ணாமல் காத்திருக்கும்,
தங்கை அகஸ்ரீனா